ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸ்: படிப்படியாகத் தேர்ந்தெடுக்கும் முறை

தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸ் வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது லென்ஸின் பெயரில் உள்ள பெரிய எண்ணைத்தான். 300 போதுமா, 400 வேண்டுமா, 600 கிடைத்தால் இன்னும் நல்லதா என்று அந்த எண்ணைச் சுற்றியே யோசனை ஓடுகிறது. எதை எடுக்கப் போகிறோம், அது எவ்வளவு தூரத்தில் இருக்கும், எந்த வெளிச்சத்தில் இருக்கும் என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிட்டால் அந்த எண் தானாகவே வந்து நிற்கும். அவற்றைக் கேட்காமல் எண்ணை முதலில் முடிவு செய்பவர்கள், அலமாரியிலேயே தங்கிவிடும் கனமான லென்ஸையோ, தேவைப்படும் நேரத்தில் வெளிச்சம் போதாமல் கைவிடும் லென்ஸையோ வாங்கிவிடுகிறார்கள். எனவே முதலில் தூரம், அடுத்து வெளிச்சம், பிறகு லென்ஸின் வகை, எடை, கேமராவின் மவுண்ட் (லென்ஸ் பொருந்தும் இணைப்பு), நடுக்கத் தடுப்பும் ஆட்டோஃபோகஸும், கடைசியில் சோதனை என்ற வரிசையில் இந்த வழிகாட்டி செல்கிறது.

படி 1: தூரத்தைக் கணக்கிடுங்கள்

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. தொலைவில் உள்ள ஒரு பொருள் இந்தச் சென்சாரின்மேல் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை எளிய கணக்கிலேயே அறியலாம். பொருளின் உயரத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் (லென்ஸின் பெயரில் உள்ள மி.மீ. எண்ணால்) பெருக்கி, பொருளுக்கும் நமக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். மூன்றையும் மில்லிமீட்டரிலேயே வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

1.8 மீட்டர் உயரமுள்ள ஒரு கால்பந்து வீரர் 30 மீட்டர் தூரத்தில் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 200 மி.மீ. குவியத்தூரத்தில் அவருடைய உருவம் சென்சாரில் 12 மி.மீ. உயரம் பெறும், கிடைமட்டமாகப் பிடித்த படத்தின் உயரத்தில் இது சரிபாதி. 400 மி.மீ.யில் அதே உருவம் 24 மி.மீ. ஆகி, தலை முதல் கால் வரை படத்தை அடைத்துக்கொள்ளும். அவர் மைதானத்தின் மறுபக்கத்துக்கு, அதாவது 60 மீட்டர் தூரத்துக்குப் போய்விட்டால், 200 மி.மீ.யில் 6 மி.மீ. உருவமாகச் சுருங்கிவிடுவார். ஆகவே, மைதானத்தின் ஓரத்தில் நின்று எடுப்பவருக்கு 70-200 லென்ஸ் தம் பக்கத்துப் பாதி ஆட்டத்துக்கு நன்றாக உதவும். மறுபாதியையும் எடுக்க வேண்டுமென்றால் 400 மி.மீ. வரை செல்லும் லென்ஸ் தேவைப்படும்.

பறவைகளின் கணக்கு இதைவிடக் கடுமையானது. 20 செ.மீ. நீளமுள்ள பறவை 20 மீட்டர் தூரத்தில் இருந்தால், 400 மி.மீ.யில் அதன் உருவம் 4 மி.மீ. நீளமும் 600 மி.மீ.யில் 6 மி.மீ. நீளமும் பெறும். 600 மி.மீ. வைத்திருந்தும் அந்தப் பறவை படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்குதான். அதே பறவையை 10 மீட்டருக்கு நெருங்கிவிட்டால் 400 மி.மீ.யிலேயே 8 மி.மீ. கிடைக்கும். தூரத்தைப் பாதியாக்குவது குவியத்தூரத்தை இரட்டிப்பாக்குவதற்குச் சமம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. மறைப்புக் கூடாரத்தில் பொறுமையாக உட்கார்ந்து பறவை தானாக நெருங்கிவரக் காத்திருப்பவருக்கு 400 மி.மீ. போதுமானதாக இருக்கலாம், நடந்துகொண்டே எடுப்பவருக்கு 600 மி.மீ.யும் குறைவாகத் தோன்றலாம். இருவரும் எடுப்பது ஒரே பறவையைத்தான் என்றாலும், அவர்கள் வாங்க வேண்டிய லென்ஸ் வேறு.

இந்தக் கணக்கை உங்கள் சொந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. கணினியில் பழைய படங்களைத் திறந்து, எந்தக் குவியத்தூரத்தில் எடுத்தீர்கள், பிறகு எவ்வளவு வெட்டினீர்கள் என்று பாருங்கள். 200 மி.மீ.யில் எடுத்த படங்களை எப்போதும் பாதி அகலத்துக்கு வெட்டுகிறீர்கள் என்றால் உங்களுக்குத் தேவை 400 மி.மீ. இதைவிட நேரடியான சான்று வேறில்லை.

குவியத்தூரத்தின் தொடக்க முனையையும் கவனிக்க வேண்டும். ஃபுல் ஃப்ரேமில் 70 மி.மீ. லென்ஸ் மூலைவிட்டமாக ஏறத்தாழ 34 டிகிரி காட்சியைப் பிடிக்கிறது; 100 மி.மீ. 24 டிகிரி, 200 மி.மீ. 12 டிகிரி, 400 மி.மீ. 6 டிகிரி, 600 மி.மீ. 4 டிகிரி. 70இலிருந்து 100க்கு நகர்ந்தாலே 10 டிகிரி போய்விடுகிறது. 500க்கும் 600க்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு டிகிரிக்கும் குறைவு. ஆகவே 70-300, 100-400, 200-600 ஆகிய லென்ஸ்களை ஒப்பிடும்போது வலப்பக்க எண்ணைப் போலவே இடப்பக்க எண்ணும் உங்கள் படங்களின் தன்மையைத் தீர்மானிக்கும். 200 மி.மீ.யில் தொடங்கும் லென்ஸ் கையில் இருக்கும்போது ஒரு யானை திடீரென அருகில் வந்துவிட்டால், அதன் கண்ணையும் தந்தத்தையும் எடுக்கலாமே தவிர யானையை எடுக்க முடியாது.

சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவிலிருந்து ஃபுல் ஃப்ரேமுக்கு மாறுபவர்கள் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். 1.5 மடங்கு வெட்டுக் கொண்ட சென்சாரில் 70-300 லென்ஸ் தரும் காட்சி, ஃபுல் ஃப்ரேமில் 105-450 லென்ஸ் தரும் காட்சிக்கு ஈடானது. அதே 300 மி.மீ.யைப் புதிய கேமராவில் பொருத்தினால் பறவைகள் திடீரென விலகிப்போனது போல் தெரியும். ஃபுல் ஃப்ரேம் கேமராவிலேயே ஏபிஎஸ்-சி வெட்டு முறையை (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் அமைப்பை) இயக்கி இதை ஓரளவு ஈடுகட்டலாம். ஆனால் அப்போது பிக்சல்களின் எண்ணிக்கை 2.25 மடங்கு குறையும். 61 மெகாபிக்சல் கேமராவில் சுமார் 26 மெகாபிக்சல் மிஞ்சும், அது தாராளம். 45 மெகாபிக்சல் கேமராவில் சுமார் 20 மிஞ்சும், அதுவும் நல்லதே. 24 மெகாபிக்சல் கேமராவில் மிஞ்சும் 10 அல்லது 11 மெகாபிக்சலைக் கொண்டு பெரிய அச்சுப் படங்கள் எடுப்பது கடினம். எனவே உங்கள் கேமராவின் மெகாபிக்சலும் குவியத்தூரத் தேர்வில் ஓர் அங்கம். அது கூடுதலாக இருந்தால் சற்றுக் குறைந்த, இலகுவான லென்ஸோடு வாழலாம்.

தூரத்தைப் பற்றிய கடைசி எச்சரிக்கை காற்றைப் பற்றியது. வெயிலில் தரை சூடேறும்போது அதன்மேல் உள்ள காற்று அடுக்குகளின் அடர்த்தி மாறி, ஒளி வளைந்து வளைந்து வருகிறது. நண்பகலில் 100 மீட்டருக்கு அப்பால் உள்ள விலங்கை எந்த விலையுயர்ந்த லென்ஸில் எடுத்தாலும் அதன் ரோமங்கள் நீரில் கரைந்தது போலவே தெரியும். அங்கே கூடுதல் குவியத்தூரம் அந்த அலைவையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. மிகத் தொலைவில் உள்ளவற்றை எடுப்பதற்காகவே 800 மி.மீ. வாங்கத் துடிப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்; சிறிய பொருளை மிதமான தூரத்தில் பெரிதாகக் காட்டுவதுதான் நீண்ட லென்ஸ் நன்றாகச் செய்யும் வேலை.

படி 2: வெளிச்சத்தையும் ஷட்டர் வேகத்தையும் கணக்கிடுங்கள்

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல, நீங்கள் எடுக்கும் பொருளுக்குத் தேவையான ஷட்டர் வேகத்திலிருந்து தொடங்குவது நல்லது. மேடையில் பேசுபவருக்கு 1/250 நொடி போதும். ஓடும் விளையாட்டு வீரருக்கு 1/1000, பறக்கும் பெரிய பறவைக்கு 1/2000, சிறகடிக்கும் சிறு பறவைக்கு 1/3200 என்று வைத்துக்கொள்ளலாம். இவை சட்டங்கள் அல்ல, ஆனால் தொடங்குவதற்கு ஏற்ற எண்கள்.

நல்ல வெயிலில் எந்த லென்ஸும் சமாளிக்கும். எஃப்/6.3 (லென்ஸின் துளை அளவு; எண் குறைந்தால் துளை பெரிது), ஐஎஸ்ஓ 400 (சென்சாரின் உணர்திறன்) என்ற அமைப்பில் ஏறத்தாழ 1/2500 கிடைத்துவிடும். சிக்கல் விலங்குகளும் பறவைகளும் சுறுசுறுப்பாக இருக்கும் விடியற்காலையில் தொடங்குகிறது. வெளிச்சம் ஐந்து ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) குறைந்தால், அதே ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓ 12800 வேண்டும். உள்ளரங்கில் நிலைமை வெளிச்சத்தைப் பொறுத்து இன்னும் கடினமாகும். ஒரு பூப்பந்து அரங்கில் எஃப்/2.8, 1/1000, ஐஎஸ்ஓ 3200 என்று சரியான வெளிச்சம் கிடைக்கிறது என்றால், எஃப்/4 லென்ஸில் ஐஎஸ்ஓ 6400, எஃப்/5.6 லென்ஸில் 12800, எஃப்/6.3 லென்ஸில் 16000 வரை ஏற்ற வேண்டியிருக்கும். இன்றைய ஃபுல் ஃப்ரேம் சென்சார்களில் ஐஎஸ்ஓ 6400 அச்சப்பட வேண்டிய ஒன்றல்ல. படத்தில் புள்ளிகளாகத் தெரியும் இரைச்சலை நீக்கும் மென்பொருள்களும் மிகவும் முன்னேறிவிட்டன. ஆனாலும் 16000இல் நிறத்தின் நயமும் நிழல் பகுதியின் விவரமும் கரைந்துபோவதைத் தடுக்க முடியாது. ஆகவே அரங்கு விளையாட்டு, மேடை நிகழ்ச்சி, திருமணம் ஆகியவைதான் உங்கள் முதன்மைப் பணி என்றால் எஃப்/2.8 லென்ஸின் விலையும் எடையும் நியாயமானவை. பகலில் பறவைகளையும் மலைகளையும் எடுப்பவருக்கு அவை பெரும்பாலும் வீண் சுமை.

எஃப் எண் என்பது குவியத்தூரத்தை லென்ஸின் நுழைதுளை விட்டத்தால் வகுத்து வருவது. 200 மி.மீ., எஃப்/2.8 லென்ஸுக்கு அந்த விட்டம் சுமார் 71 மி.மீ.; 600 மி.மீ., எஃப்/6.3 லென்ஸுக்கு 95 மி.மீ.; 600 மி.மீ., எஃப்/4 லென்ஸுக்கு 150 மி.மீ. கண்ணாடியின் விட்டம் கூடக்கூட எடையும் விலையும் ஏன் தாவி ஏறுகின்றன என்பது இதிலிருந்தே புரியும்.

இந்த விட்டம் பின்புல மங்கலையும் விளக்குகிறது. ஒரு முகத்தையோ பறவையையோ படத்தில் ஒரே அளவில் வைத்து எடுக்கும்போது, மிகத் தொலைவில் உள்ள பின்புலம் எவ்வளவு கரையும் என்பது நுழைதுளையின் விட்டத்தைப் பொறுத்தது. அந்த வகையில் 200 மி.மீ., எஃப்/2.8 தரும் மங்கலும் 400 மி.மீ., எஃப்/5.6 தரும் மங்கலும் ஒன்றே. இரண்டின் துளையும் 71 மி.மீ. 600 மி.மீ., எஃப்/6.3 அவ்விரண்டையும்விடக் கூடுதலாகவே கரைக்கும். அழகான பின்புலம் வேண்டுமென்றால் எஃப்/2.8தான் ஒரே வழி என்று நம்பிப் பெரிய விலை கொடுக்கும் பலருக்கு இந்தச் செய்தி உதவும் என்று நினைக்கிறேன். பின்னால் நகர்ந்து நிற்க இடம் இருப்பவருக்கு நீண்ட குவியத்தூரமே அந்த வேலையைச் செய்துவிடும். இடமில்லாத அறையில் மட்டும் எஃப்/2.8க்கு மாற்று இல்லை.

படி 3: உங்களுக்குரிய வகையைக் கண்டறியுங்கள்

மேலே உள்ள இரண்டு கணக்குகளையும் முடித்தவர், சந்தையில் உள்ள லென்ஸ்களில் பெரும்பகுதியைத் தயக்கமின்றி ஒதுக்கிவிடலாம். மிஞ்சுபவை சில வகைகளே.

70-200 எஃப்/2.8 தொழில்முறை ஒளிப்படக்காரர்களின் அடிப்படைக் கருவி. முகப்படம், திருமணம், மேடை, அரங்கு விளையாட்டு என்று மனிதர்களை மிதமான தூரத்தில் எடுக்கும் எல்லாப் பணிக்கும் பொருந்தும். முன்பு இவ்வகை லென்ஸ்கள் ஒன்றரைக் கிலோ எடை கொண்டிருந்தன. 2016இல் வந்த சோனியின் முதல் 70-200 ஜிஎம் (அதன் உயர்தர வரிசை) லென்ஸ் 1480 கிராம். 2021இல் வந்த இரண்டாம் தலைமுறை 1045 கிராம். கேனான் 2019இல் வெளியிட்ட ஆர்எஃப் மவுண்ட் லென்ஸும் 1070 கிராம்தான். டாம்ரான் தன் 70-180 எஃப்/2.8 லென்ஸில் கடைசி 20 மி.மீ.யை விட்டுக்கொடுத்து எடையை 855 கிராமுக்குக் கொண்டுவந்திருக்கிறது; இரண்டாம் தலைமுறையில் கையின் அசைவை ஈடுகட்டும் நடுக்கத் தடுப்பும் சேர்ந்திருக்கிறது. அந்த 20 மி.மீ. இழப்பைப் படத்தில் உணர்பவர்கள் மிகக் குறைவு.

70-200 எஃப்/4 லென்ஸைப் பலர் எஃப்/2.8 வாங்க முடியாதவர்களுக்கானது என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அது தவறான மதிப்பீடு. பயணத்துக்கும் நிலக்காட்சிக்கும் இதைவிடப் பொருத்தமான டெலிஃபோட்டோ இல்லை என்பது என் கருத்து. கேனானின் ஆர்எஃப் எஃப்/4 லென்ஸ் 695 கிராம் எடைதான். சோனி 2023இல் வெளியிட்ட இரண்டாம் தலைமுறை எஃப்/4 லென்ஸ் 794 கிராம் எடையில், பொருளைச் சென்சாரில் பாதி அளவுக்குக் காட்டும் நெருக்கப் படத் திறனையும் சேர்த்துத் தருகிறது. மலையேறும்போது ஒரு டெலிஃபோட்டோவும் ஒரு மேக்ரோவும் தனித்தனியே சுமக்க வேண்டியதில்லை.

70-300 லென்ஸ்கள் முதல் டெலிஃபோட்டோ வாங்குபவர்களுக்கு உரியவை. டாம்ரானின் 70-300 லென்ஸ் 545 கிராம் மட்டுமே. ஆனால் அதில் நடுக்கத் தடுப்பு இல்லை, ஆகவே சென்சார் நடுக்கத் தடுப்பு உள்ள கேமராவோடு மட்டுமே அது பொருந்தும்.

100-400 வகைதான் என் பார்வையில் மிகப் பலருக்கு ஏற்ற டெலிஃபோட்டோ ஜூம். மனிதர்களையும் எடுக்கலாம், விலங்குகளையும் எடுக்கலாம், தொலைவில் அடுக்கடுக்காகத் தெரியும் மலைகளையும் எடுக்கலாம். முழு நாளும் கழுத்தில் சுமந்து நடக்கலாம். சோனியின் 100-400 ஜிஎம் 1395 கிராம், நிக்கானின் இசட் மவுண்ட் 100-400 ஏறத்தாழ 1355 கிராம், சிக்மாவின் 100-400 ஏறத்தாழ 1135 கிராம். கேனானின் ஆர்எஃப் 100-500 இதே அளவு எடையில் இன்னும் 100 மி.மீ. தருகிறது, அதற்கு ஈடாக, முழு நீட்டத்தில் எஃப்/7.1 ஆகக் குறுகுகிறது. 635 கிராம் மட்டுமே எடையுள்ள கேனானின் ஆர்எஃப் 100-400 எஃப்/5.6-8 வெயிலில் வியக்கத்தக்க படங்களைத் தரும். மேகமூட்டத்தில் அந்த எஃப்/8 உங்களைக் கட்டிப்போடும்.

பறவைகளுக்காகவே வாங்குபவர்கள் 600 மி.மீ. வரை செல்லும் லென்ஸ்களுக்கு நேராகச் செல்லலாம். சோனியின் 200-600 (2115 கிராம்), நிக்கானின் 180-600 (முக்காலியில் பொருத்த உதவும் தாங்கு வளையம் இல்லாமல் 1955 கிராம்), சிக்மாவின் 150-600 (2100 கிராம்), கேனானின் 200-800 (2050 கிராம்) ஆகியவை இந்த வகையில் அடங்கும். எல்லாமே இரண்டு கிலோ அளவில் இருப்பதைக் கவனியுங்கள். 100-400 வாங்கி, அதைப் பறவைகளுக்குப் போதாதென்று விற்று, பிறகு இந்த வகைக்கு வருவோர் பலர்; முதல் படியின் கணக்கைச் செய்தவர்களுக்கு அந்தச் சுற்றுவழி தேவைப்படாது.

60-600 போன்ற பத்து மடங்கு ஜூம் லென்ஸ்களும் உண்டு. சிக்மாவின் அந்த லென்ஸ் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. வாகனத்திலிருந்து எடுப்பவர்களுக்கும், தூசியில் லென்ஸ் மாற்ற முடியாதவர்களுக்கும் அது நல்ல தீர்வு, நடப்பவர்களுக்கு அல்ல.

படி 4: எடையையும் கட்டமைப்பையும் உடலால் உணருங்கள்

எடையைக் கிராமில் படிப்பதும் கையில் தாங்குவதும் வேறு வேறு. இரண்டு கிலோ லென்ஸோடு முக்கால் கிலோ கேமராவும் சேரும். கண்ணருகே தூக்கி, பறவை கிளையை விட்டு எழும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். கடையில் அந்த லென்ஸைக் கேமராவில் பொருத்தி ஐந்து நிமிடம் கண்ணோடு வைத்துப் பாருங்கள். அதற்குள் கை நடுங்கத் தொடங்கினால், ஒற்றைக்கால் தாங்கியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

எடையோடு எடை எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். ஜூம் வளையத்தைத் திருப்பும்போது சில லென்ஸ்களின் முன்பகுதி வெளியே நீள்கிறது. சிலவற்றில் கண்ணாடிகள் உள்ளேயே நகர்வதால் நீளம் மாறுவதில்லை. சோனியின் 200-600, நிக்கானின் 180-600 ஆகியவை இரண்டாம் வகை. அவற்றின் ஜூம் வளையம் சிறிய திருப்பத்திலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்றுவிடும், சமநிலை மாறாது, முக்காலியில் வைத்து எடுப்போருக்கு மிகவும் வசதி. நீளும் வகை லென்ஸ்கள் பைக்குள் சிறிதாக அடங்கும். சோனியின் 100-400, சிக்மாவின் 150-600 ஆகியவை நீள்பவை. கேனான் 2019இல் தன் 70-200 எஃப்/2.8 லென்ஸை நீளும் வகையாக வடிவமைத்தது. 2024இல் நீளாத வகையையும் தனியாக வெளியிட்டது. இதிலிருந்தே இரண்டுக்கும் தனித்தனி ஆதரவாளர்கள் இருப்பது தெரிகிறது. பயணத்தில் எடுத்துச் செல்பவர் நீளும் வகையையும், ஒரே இடத்தில் நின்று எடுப்பவர் நீளாத வகையையும் தேர்வது பொருத்தம்.

ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட லென்ஸில் சுழலும் தாங்கு வளையம் கட்டாயம் இருக்க வேண்டும். அதன் அடிக்கால், முக்காலித் தலைகளில் நேரடியாகப் பொருந்தும் ஆர்க்கா-ஸ்விஸ் வடிவில் இருந்தால் தனித் தகடு வாங்க வேண்டியதில்லை. வடிகட்டிகள் பயன்படுத்துபவர்கள் முன்விட்டத்தையும் பார்த்துவிடுங்கள்: 70-200 எஃப்/2.8 லென்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு 77 மி.மீ., 600 மி.மீ. வரை செல்லும் பெரிய ஜூம்களுக்கு 95 மி.மீ.

படி 5: மவுண்டையும் டெலிகன்வெர்ட்டரையும் சரிபாருங்கள்

உங்கள் கேமராவின் மவுண்ட் தேர்வை எவ்வளவு விரிக்கும் அல்லது சுருக்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சோனி இ மவுண்டுக்குச் சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் ஏராளம். 2018இல் லைக்கா, பேனசோனிக், சிக்மா ஆகியவை தொடங்கிய எல் மவுண்ட் கூட்டணியில் சிக்மாவின் டெலிஃபோட்டோ ஜூம்கள் முழுமையாகக் கிடைக்கின்றன. நிக்கான் இசட் மவுண்டுக்கு டாம்ரானின் 70-300, 150-500 போன்றவை உள்ளன. கேனான் ஆர்எஃப் மவுண்டில் ஃபுல் ஃப்ரேமுக்கான பிற நிறுவன ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் மிக அரிது; ஆனால் கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் ஏறத்தாழ குறையின்றி இயங்குவதால், அங்கே பழைய லென்ஸ் சந்தையே மலிவான வழி. பழைய நிக்கான் லென்ஸ்களை இசட் கேமராவில் பொருத்தும் எஃப்டிஇசட் அடாப்டரில், உள்ளேயே மோட்டார் கொண்ட ஏஎஃப்-எஸ் லென்ஸ்களின் ஆட்டோஃபோகஸ் இயங்கும். கேமராவின் மோட்டாரை நம்பியிருந்த பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களின் ஆட்டோஃபோகஸ் இயங்காது.

பிற நிறுவன லென்ஸ்களை வாங்கும்போது இரண்டு மறைந்த எல்லைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோனி கேமராக்களில் அவை நொடிக்கு 15 படங்கள் என்ற வேகத்தைத் தாண்டாது. ஏ1 போல நொடிக்கு 30 படங்கள் எடுக்கும் கேமராவை வேகத்துக்காகவே வாங்கியவருக்கு இது பெரிய இழப்பு, நொடிக்கு 10 படங்கள் எடுக்கும் கேமரா வைத்திருப்பவருக்கு இழப்பே இல்லை. இரண்டாவது எல்லை, லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே பொருத்திக் குவியத்தூரத்தைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டர். சிக்மாவின் 150-600 எல் மவுண்டில் டெலிகன்வெர்ட்டரை ஏற்கும். அதே லென்ஸ் சோனி மவுண்டில் ஏற்காது.

டெலிகன்வெர்ட்டர் பற்றிச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். 1.4 மடங்குக் கருவி ஒரு ஸ்டாப் வெளிச்சத்தையும், 2 மடங்குக் கருவி இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். 70-200 எஃப்/2.8 லென்ஸில் 2 மடங்குக் கருவி பொருத்தினால் 140-400 எஃப்/5.6 கிடைக்கும்; எப்போதாவது மட்டும் 400 மி.மீ. தேவைப்படுபவருக்கு இது நியாயமான ஏற்பாடு, ஆனால் 100-400 லென்ஸின் கூர்மைக்கு ஈடாகாது. 200-600 எஃப்/5.6-6.3 லென்ஸில் 1.4 மடங்குக் கருவி 840 மி.மீ., எஃப்/9 தரும். நல்ல வெயில் இல்லையென்றால் அதை பையிலேயே விட்டுவிடுவது நல்லது. எல்லா லென்ஸும் இதை ஏற்பதும் இல்லை. கேனானின் 2019ஆம் ஆண்டு ஆர்எஃப் 70-200 எஃப்/2.8 எந்த டெலிகன்வெர்ட்டரையும் ஏற்காது. ஆர்எஃப் 100-500 ஏற்றாலும், பொருத்திய பிறகு 300 மி.மீ.க்குக் கீழே ஜூமைக் கொண்டுவர முடியாது. டெலிகன்வெர்ட்டரை நம்பி ஒரு சிறிய லென்ஸைத் தேர்வு செய்வதாக இருந்தால், வாங்கும் முன்பே இந்தப் பொருத்தத்தை நிறுவனத்தின் பட்டியலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 6: நடுக்கத் தடுப்பும் ஆட்டோஃபோகஸும்

கேமராவுக்குள் சென்சார் நடுக்கத் தடுப்பு இருப்பதால் லென்ஸில் அது தேவையில்லை என்று சிலர் கூறுவர். 50 மி.மீ.க்கு அது உண்மை. கை 0.1 டிகிரி அசைந்தால் 50 மி.மீ. லென்ஸில் பிம்பம் சென்சாரின்மேல் 0.1 மி.மீ.க்கும் குறைவாகவே நகரும், 600 மி.மீ.யில் அதே அசைவு பிம்பத்தை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர்த்தும். அவ்வளவு தூரம் சென்சாரை வேகமாக நகர்த்தி ஈடுகட்டுவது கடினம். லென்ஸுக்குள் ஒரு சிறு கண்ணாடித் தொகுதியை நகர்த்துவது எளிது. ஆகவே 300 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸில் நடுக்கத் தடுப்பு கட்டாயம் வேண்டும், 200 மி.மீ. வரை, கேமராவில் அது இருந்தால் லென்ஸில் இல்லாமலும் சமாளிக்கலாம். இந்தத் தடுப்பு உங்கள் கையின் அசைவை மட்டுமே ஈடுகட்டும். ஓடும் மானின் அசைவை உறையவைக்க ஷட்டர் வேகத்தைத் தவிர வேறு வழி இல்லை.

ஆட்டோஃபோகஸில் பார்க்க வேண்டியது மோட்டாரின் பெயரை அல்ல, அது பின்தொடரும் திறனை. பறந்து வரும் பறவையை அல்லது நேராக ஓடிவரும் மனிதரைத் தொடர்ந்து இருபது முப்பது படங்கள் எடுத்து, அவற்றில் எத்தனை கூர்மையாக உள்ளன என்று பாருங்கள். லென்ஸின் பக்கத்தில், அது குவிக்கும் தொலைவுக்கு எல்லை வகுக்கும் விசை இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். புதர்களுக்கு இடையே பறவையைத் தேடும்போது, அருகிலுள்ள இலைகளுக்கெல்லாம் குவியம் ஓடித் திரும்பாமல் தடுக்கும் சிறிய விசை அது. மலிவான லென்ஸ்களில் பெரும்பாலும் இருக்காது.

வண்ணத்துப்பூச்சி, தும்பி, மலர் ஆகியவற்றையும் எடுப்பவர்கள் லென்ஸ் எவ்வளவு அருகில் குவிக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். சோனியின் 100-400 ஒரு மீட்டருக்குள் குவித்து 0.35 மடங்கு அளவு தருகிறது; 200-600க்கு 2.4 மீட்டர் விலக வேண்டும், கிடைப்பது 0.2 மடங்கு.

படி 7: சோதித்து வாங்குங்கள்

ஒரே மாதிரி லென்ஸ்களில்கூட ஒன்றுக்கொன்று வேறுபாடு இருக்கும். அதில் கவனிக்க வேண்டியது, ஒரு கண்ணாடித் தொகுதி மையத்திலிருந்து சற்று விலகிப் பொருந்தியிருக்கும் குறை. அதைக் கண்டறிய, விவரங்கள் நிறைந்த தட்டையான சுவரை முக்காலியிலிருந்து நேர்குத்தாக எடுங்கள். நடுக்கத் தடுப்பை அணைத்துவிட்டு, தாமத ஷட்டரைப் பயன்படுத்தி, முழுத் துளையில், குறைந்த, நடு, உச்சக் குவியத்தூரங்களில் சில படங்கள் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். எல்லா மூலைகளும் சமமாகச் சற்று மென்மையாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் தெளிவாக மங்கியிருந்தால் அது குறை. சுவருக்கு நேராகக் கேமரா நிற்காவிட்டாலும் இதே விளைவு வரும் என்பதால், குறை என்று முடிவுசெய்யும் முன் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். மாலையில் பத்து மீட்டர் தூரத்துச் சுவரில் செய்வது நல்லது. வெயிலில் தொலைவுச் சுவரை எடுத்தால் காற்றின் அலைவை லென்ஸின்மேல் சுமத்திவிடுவீர்கள்.

ஜூம் லென்ஸ்கள் பெரும்பாலும் உச்ச முனையில்தான் வலுவிழக்கும். நாமோ அந்த முனையில்தான் பெரும்பாலான படங்களை எடுப்போம். ஆகவே சோதனையிலும் விமர்சனங்களைப் படிக்கும்போதும் உச்சக் குவியத்தூரத்தில் முழுத் துளைப் படங்களுக்கே கூடுதல் மதிப்பு கொடுங்கள். 70-200 லென்ஸ் 100 மி.மீ.யில் எவ்வளவு கூர்மை என்பது, 200 மி.மீ. வேண்டி அதை வாங்குபவருக்கு அதிகம் உதவாத செய்தி.

பயன்படுத்திய லென்ஸ் என்றால் சோதனை இன்னும் நீளும். பின்மூடியைக் கழற்றி, ஒரு சிறு விளக்கை ஒரு பக்கத்திலிருந்து பாய்ச்சி மறுபக்கம் வழியாகப் பாருங்கள். சில தூசித் துகள்கள் எந்த லென்ஸிலும் இருக்கும், அவை படத்தைப் பாதிக்காது. சிலந்தி வலை போன்ற நுண்ணிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. ஒட்டுமொத்தமாக வெண்மூட்டமாகத் தெரிந்தால் அது கண்ணாடியின் உட்பரப்பு மங்கல். இரண்டில் எது இருந்தாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ஜூம் தானாக நழுவுகிறதா என்று பாருங்கள். நடுக்கத் தடுப்பை இயக்கி, வியூஃபைண்டரில் காட்சி தாவித் துடிக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய இரைச்சல் இயல்பு, துடிப்பு இயல்பல்ல. மவுண்டின் உலோக வளையத்தில் திருகுகள் தேய்ந்திருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். கீழே விழுந்த லென்ஸில் முன்வளையத்தில் நசுங்கல் தெரியும்.

இரண்டு லென்ஸ்களுக்கிடையே முடிவுசெய்ய முடியவில்லை என்றால், இரண்டையும் தனித்தனி வாரக்கடைசிகளில் வாடகைக்கு எடுத்து, நீங்கள் உண்மையில் எடுக்கும் பொருளையே எடுங்கள். திரும்பி வந்தபின் கூர்மையை ஒப்பிடும் முன், எந்த லென்ஸில் கூடுதல் படங்கள் எடுத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எடை, சமநிலை, ஜூம் வளையத்தின் திருப்பம் ஆகியவற்றைப் பற்றி எந்த அட்டவணையும் சொல்லாததை அந்த எண்ணிக்கை சொல்லிவிடும். அதன்பின் உச்ச முனைப் படங்களைத் திறந்து, வழக்கமாக நீங்கள் வெட்டும் அளவுக்கு வெட்டி, அருகருகே வைத்துப் பாருங்கள்.